"அம்மாவுக்கு சீரியஸ், அவ நம்பர் குடுங்க": எண்ணைக் கொடுக்காமல் செய்தியைச் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

இரவு ஒன்பதே முக்கால். ஹாஸ்டல் ஆபீஸ் போன் அடிக்கிறது. எடுத்தால் ஓர் ஆண் குரல், மூச்சு வாங்குகிறது. "நான் மதுரையில இருந்து அவளோட தாய்மாமா பேசறேன். அவங்க அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, ஐசியூல இருக்காங்க. இவ போன் போகவே மாட்டேங்குது. புது நம்பர் ஏதாவது வெச்சிருக்காளா? சீக்கிரம் குடுங்கம்மா."

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் பதினோரு வருஷம் வார்டனாக இருந்தேன். முதல் தடவை இப்படி ஒரு போன் வந்தபோது, ரிஜிஸ்டரைப் புரட்டி நம்பரைப் படித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. மறுநாள் காலை அவர் வாசலில் நின்றார். அந்தப் பெண் நம்பரை மாற்றியதே அவரிடமிருந்து தப்பத்தான். அவருக்குத்தான் அவளைக் கட்டிவைக்க வீட்டில் பேசியிருந்தார்கள். அம்மா நன்றாகத்தான் இருந்தார். ஒரு வாரத்தில் அவள் அறையைக் காலி செய்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னது இதுதான்: "அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமே."

அதற்கப்புறம் நான் கறாராகிவிட்டேன். சில மாதம் கழித்து இன்னொரு போன். "அப்பாவுக்கு நெஞ்சுவலி, தங்கச்சிகிட்ட பேசணும், அவ போன் எடுக்க மாட்டேங்குறா." யார் நம்பரும் தரமாட்டோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெண் சார்ஜ் இறங்கிய போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரவு பத்தரைக்கு ஒரு பஸ் இருந்தது. நான் மாடி ஏறிக் கதவைத் தட்டியிருந்தால் அதைப் பிடித்திருப்பாள்.

ஆக, கொடுத்ததும் தப்பு, கொடுக்காததும் தப்பு. இரண்டையும் செய்தபிறகுதான் கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. போனில் வந்த அவசரத்துக்குத் தேவை, ஒரு செய்தி ஒருவரிடம் போய்ச் சேருவது. நம்பர் கைமாறினால்தான் அது நடக்கும் என்று கட்டாயம் இல்லை. செய்தியை உள்ளே அனுப்பலாம், நம்பரை வெளியே விடாமலே. கீழே சொல்லும் எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான். ஹாஸ்டல் வார்டன், ஆபீஸ் ரிசப்ஷன், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, பள்ளி அலுவலகம், ஏன், நண்பனின் புது நம்பர் தெரிந்த யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

முதலில் தந்தி ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்

'பாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்ற தந்தியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே ரயிலில் வந்து இறங்கினால், வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். 'சீரியஸ்' ஆன அப்பா பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையை ஊருக்கு வரவழைக்க அது ஒரு உத்தி. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றது. உத்தி நிற்கவில்லை, போனுக்கு மாறிவிட்டது.

ஆனால் அந்தக் கதையில் ஒருவர் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தார்: தந்தி கொண்டுவந்தவர். வந்த வாசகத்தை உரியவர் கையில் கொடுத்தார். உண்மையா பொய்யா என்று அவர் ஆராயவில்லை. 'கிளம்பு' என்றும் சொல்லவில்லை. அனுப்பியவருக்கு யாருடைய விவரத்தையும் எழுதிப் போடவில்லை. முடிவு, வாங்கியவருடையது. போன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாமும் அந்த அளவுக்குத்தான். அதற்கு மேலும் இல்லை, குறைவாகவும் கூடாது.

போன் வருவதற்கு முன்பே செய்யவேண்டியது

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் 'அவசரத் தொடர்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அப்பா பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அது போதாது. மூன்று கேள்வி கேளுங்கள். உனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது? உனக்கு ஒரு செய்தி வந்தால், உன் போன் கிடைக்காதபோது யார் வழியாக உன்னிடம் சேர்ப்பது? யாரிடம் எதுவும் சொல்லக்கூடாது?

மூன்றாவதுதான் முக்கியம். அதை அப்பா அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்கக்கூடாது. சேர்த்துவிட வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, இரண்டு நாள் கழித்து, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் "அப்படி யாரும் இல்லக்கா" என்பார்கள். பத்தில் ஒருவர் கொஞ்சம் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காரணத்தைத் துருவ வேண்டாம்.

வீட்டோடு ஒரு ரகசியச் சொல் பேசி வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஊரில் வளர்த்த ஆட்டின் பெயர், பாட்டி கூப்பிடும் செல்லப்பெயர், எதுவாக இருந்தாலும் சரி. உண்மையிலேயே ஆபத்து என்றால் அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்வார்கள். இப்போது ஒருவருடைய குரலையே கணினியில் நகல் எடுத்துப் பேசவைக்கிறார்கள். "அவங்க அண்ணன் குரல்தான், எனக்குத் தெரியும்" என்பதெல்லாம் இனி செல்லாது.

அப்புறம், ரிஜிஸ்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் எல்லோருடைய பெயரும் நம்பரும் அச்சடித்த தாள் வாட்ச்மேன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். கூரியர் கொண்டுவருபவர் கையெழுத்துப் போடும் நேரத்தில் போட்டோ எடுத்துவிடலாம். எல்லோரையும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தால் அங்கேயும் இதே கதைதான். உள்ளே இருக்கும் ஒருவரைப் பிடித்தால் அத்தனை நம்பரும் கிடைத்துவிடும். அறிவிப்புக்கு 'பிராட்காஸ்ட் லிஸ்ட்' போதும்.

போனை எடுத்த முதல் நிமிடம்

'நம்பர் தரமாட்டேன்' என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்கு முன்னாலேயே நழுவிவிடும் தகவல்தான் ஆபத்து. "அவ இப்ப இல்லையே, நைட் ஷிப்ட் போயிருக்கா" என்றால் என்ன ஆகிறது? இங்கே தங்கியிருக்கிறாள், வேலை மாறவில்லை, இரவில்தான் வெளியே போகிறாள், விடியற்காலை திரும்புவாள். நான்கு தகவல்கள் போய்விட்டன, நம்பர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நான் பழகிக்கொண்ட வாசகம் இது: "யார் இங்க தங்கியிருக்காங்கன்னு போன்ல சொல்றதில்லைங்க. நீங்க செய்தியைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். அந்தப் பேர்ல யாராவது இருந்தா இப்பவே சேர்த்துடறேன்." மாதாமாதம் வந்து பணம் கட்டிவிட்டுப் போகும் அப்பாவிடம் இதைச் சொன்னால் அபத்தமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவருடைய நம்பர் உங்கள் படிவத்தில் இருக்கிறது, அதிலிருந்துதான் பேசுகிறார் என்றால் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனாலும் மகளின் புது நம்பரை அவருக்குக் கொடுப்பது மகளின் வேலை. நாலு படி ஏறி "அப்பா கூப்பிட்டார்" என்று சொல்வது உங்கள் வேலை.

எதிர்முனையில் இருப்பவர் பதறுகிறார் என்றால், அந்தப் பதற்றம் உண்மை என்றே வைத்துப் பேசுங்கள். நூற்றில் பெரும்பாலானவர்கள் பொய் சொல்வதில்லை. "நீங்க யாரு, எதுக்கு, என்ன ஆதாரம்" என்று போலீஸ் விசாரணை மாதிரி ஆரம்பித்தால், உண்மையில் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டு வந்து பேசுகிறவர் நொறுங்கிப்போவார். கறாராக இருக்கவேண்டியது நம்பர் விஷயத்தில்தான். குரலில் வேண்டாம்.

எழுதிக்கொள்ளவேண்டியவை

பேனாவை எடுத்ததுமே பேச்சின் போக்கு மாறும். பேசுகிறவர் பெயர், என்ன உறவு, திருப்பி அழைக்க எந்த நம்பர், யாருக்கு என்ன ஆனது, எப்போது, எந்த மருத்துவமனை, எந்த வார்டு, அவள் இப்போது என்ன செய்யவேண்டும் என்கிறார். இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கவேண்டாம். "ஊருக்கு வரணும்" என்பது ஒரு பதில். "ஒரே ஒரு தடவை பேசினா போதும்" என்பது வேறு. "அவ எங்க இருக்கான்னு சொன்னா போதும், நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிடறோம்" என்பது முற்றிலும் வேறு. அவசரம் அம்மாவுக்கு என்றால், மகளின் முகவரி எதற்கு?

இதை வைத்து உண்மை பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அந்தத் துப்பறியும் ஆசை வந்தது உண்டு. உண்மையில் பதறுகிறவருக்கு வார்டு பெயர் தெரியாது, வார்த்தை குழறும். தயாராக வந்தவர் எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்வார். அம்மா பெயர், ஊர், குலதெய்வம் வரைக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் தேடி வருகிறவர் பெரும்பாலும் நெருங்கிய ஆள்தான். எழுதிக்கொள்வது அவளுக்காக. அவளுக்குத்தான் அது உண்மையா என்று பார்த்தவுடன் தெரியும்.

செய்தியைச் சேர்ப்பது

உடனே. சாப்பிட்டுவிட்டு, சீரியல் முடிந்து, காலையில் என்றெல்லாம் இல்லை. நம்பர் தரமாட்டேன் என்று சொன்ன அந்த நொடியிலிருந்து அவர்களுக்கு இருந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். அந்தப் பொறுப்பு இப்போது உங்கள் தலையில். மறுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் தனியுரிமை பற்றிப் பேச அருகதை இல்லை.

அறையில் இருந்தால் நேரில் போங்கள். வெளியே என்றால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தி, பிறகு அவள் படிவத்தில் குறித்துக் கொடுத்த தோழி, பிறகு அலுவலகம். தோழியிடம் "அவளை உடனே எனக்குக் கூப்பிடச் சொல்" என்பதோடு நிறுத்துங்கள். அம்மா ஐசியூவில் என்ற செய்தி அவள் காதுக்கு முன் பத்து பேர் காதுக்குப் போகக்கூடாது.

சொல்லும் விதம் இருக்கிறதே, அதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். "உங்க அம்மா ஐசியூல இருக்காங்களாம், கிளம்பு கிளம்பு" என்றால் நீங்களே அந்தப் பொய்க்குக் குரல் கொடுத்துவிட்டீர்கள். நான் சொல்வது இப்படி: "ஒன்பதே முக்காலுக்கு இந்த நம்பர்ல இருந்து ஒருத்தர் பேசினார். உன் மாமான்னு சொன்னார். அம்மா விழுந்துட்டாங்க, இந்த ஆஸ்பத்திரின்னு சொன்னார். நிஜமான்னு எனக்குத் தெரியாது. உன்னைப் பத்தி நான் எதுவும் சொல்லலை." அந்தக் கடைசி வரி அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலர் யோசிக்காதது. அவள் தன் புது போனிலிருந்து திருப்பிக் கூப்பிட்டால் நம்பர் எதிர்முனையில் விழுந்துவிடும். நீங்கள் காத்த அத்தனையும் ஒரு ரிங்கில் போய்விடும். ஆபீஸ் லேண்ட்லைனைக் கொடுங்கள். முதலில் அவள் நம்பும் பக்கத்து வீட்டுக்கோ, அந்த மருத்துவமனையின் பொது எண்ணுக்கோ பேசட்டும். அந்த எண்ணை நீங்களே தேடி எடுக்கவேண்டும், அழைத்தவர் கொடுத்த 'டாக்டர் நம்பர்' உதவாது. "நம்பர் வேண்டாம், கான்பரன்ஸ் போடுங்க" என்பார்கள். அவள் சம்மதித்தால் மட்டும், அதுவும் சாதாரண அழைப்பில். வாட்ஸ்அப் குரூப் காலில் சேர்த்தால் நம்பர் தெரிந்துவிடும்.

எப்போது தகவலைத் தரலாம், தரவேண்டும்

இதுவரை சொன்னது செய்தி அவசரங்கள். காப்பாற்றும் அவசரம் என்று இன்னொரு வகை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிர் போகும்.

மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்கள்: "உங்க ஹாஸ்டல் ஐடி கார்டோட ஒரு பொண்ணு ஆக்சிடென்ட்ல வந்திருக்கு, நினைவு இல்லை, வீட்டு நம்பர் வேணும்." இங்கே விவரத்துக்கு உரியவரே பேச முடியாத நிலையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதற்கு இடமில்லை. போனை வைத்துவிட்டு மருத்துவமனையின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டு கேஷுவாலிட்டியைக் கேளுங்கள். இரண்டு நிமிடம். உறுதியானதும், வீட்டுக்கு நீங்களே பேசி மருத்துவமனை எண்ணைக் கொடுங்கள். அவளுக்கு இருக்கும் நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து தெரிந்தால் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். பொது எண் கிடைக்கவே இல்லை, டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றால் நான் சொல்லிவிடுவேன். அங்கே தவறு செய்வதானால் சொல்லித் தவறு செய்வதே மேல்.

இங்கே சட்டத்தைக் காட்டி ஒளிந்துகொள்ளாதீர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதே சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமலே விவரத்தைப் பயன்படுத்தலாம் என்று 7ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. உயிர் ஊசலாடும்போது "ரூல்ஸ்படி சொல்லக்கூடாது" என்பது சோம்பேறித்தனம்.

இன்னொன்று: "அவ எனக்குச் செத்துப்போறேன்னு மெசேஜ் போட்டிருக்கா, ரூம் நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்க." அழைப்பது பிரிந்துபோன காதலனாகவும் இருக்கலாம், உண்மையான தோழியாகவும் இருக்கலாம். அது யார் என்ற ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாடிக்கு ஓடுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் 112 அல்லது 108. தேடவேண்டிய நிலை வந்தால், நம்பரைக் கேட்கும் தகுதி மீட்கப் போகிறவருக்கு, அதாவது போலீசுக்கு. மெசேஜைப் பார்த்தவரையும் 112க்கு அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையான தோழி அதை மறுக்கமாட்டாள்.

"ஸ்டேஷன்ல இருந்து பேசறோம்"

காக்கி என்றதும் நமக்கு நாக்கு தானாக அவிழ்ந்துவிடும். பெயர், பதவி, எந்த ஸ்டேஷன் என்று கேட்டு எழுதிக்கொண்டு, "இதோ ஸ்டேஷன் நம்பருக்கே கூப்பிடறேன் சார்" என்று வையுங்கள். நிஜமானவர் கோபப்படலாம், ஆனால் ஸ்டேஷன் போனை எடுப்பார். ஆவணமோ விவரமோ வேண்டும் என்றால் எழுத்துமூலம் கேட்க, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 94ஆம் பிரிவு இருக்கிறது. உயிர் போகும் அவசரம் என்றால் வண்டியே வந்துவிடும்.

'நாம் சின்ன ஆள், இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் தெரியும்' என்று தோன்றினால் ஒரு சங்கதி சொல்கிறேன். 2021இல் ஆப்பிள், மெட்டா இரண்டுமே போலி 'அவசரக் கோரிக்கை'களுக்கு ஏமாந்து வாடிக்கையாளர்களின் முகவரி, போன் நம்பர் போன்றவற்றைக் கொடுத்துவிட்டன. 2022 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. சாதாரணமாக இப்படி விவரம் வாங்க அமெரிக்கப் போலீசுக்கு நீதிமன்ற உத்தரவோ சம்மனோ வேண்டும். 'உயிருக்கு ஆபத்து, உடனே வேண்டும்' என்றால் அது தேவையில்லை. திருடர்கள் அந்தக் கதவைத்தான் தட்டினார்கள். இந்த வகை மோசடியில் போலீஸ் மின்னஞ்சல் கணக்குகளுக்குள்ளேயே புகுந்து, அங்கிருந்து கடிதம் அனுப்புகிறார்கள். வந்த முகவரி நிஜம், அனுப்பிய ஆள் போலி. நாமே தேடி எடுத்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுவதை நான் இவ்வளவு வலியுறுத்த அதுதான் காரணம்.

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். வீட்டார் 'காணவில்லை' என்று புகார் கொடுத்திருப்பார்கள், போலீசும் நிஜமாகவே கூப்பிடும். வயது வந்த இருவரைச் சாதி கௌரவத்தின் பெயரால் துரத்துவதைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் பற்றியெல்லாம் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது. "அவங்களே ஸ்டேஷனுக்குப் பேசுவாங்க சார், இப்பவே சொல்லிடறேன்" என்பது அங்கே சரியான பதில். அவர்கள் நம்பரைத் தெரிந்துகொள்ள வீட்டார் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

மிரட்டல், கெஞ்சல், தந்திரம்

"அவங்க அம்மா செத்தா நீங்கதான் பொறுப்பு." எனக்கு இதைக் கேட்டு வயிறு கலங்காத நாளே இல்லை. பதிலை மனப்பாடமாக வைத்திருந்தால் மட்டுமே தாக்குப்பிடிக்கலாம்: "அதனாலதான் நேரத்தை வீணாக்காம இப்பவே செய்தியைச் சேர்க்கப் போறேன். வெச்சிடறேன்." சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். வாதாட ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் தோற்றுவிடுவோம்.

"கடைசி நாலு நம்பர் 4521தானே, சரியான்னு மட்டும் சொல்லுங்க" என்பதற்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தகவல்தான். ஆண் குரலுக்கு மசியவில்லை என்றால் அழுகிற பெண் குரல் வரும். பகலில் ஒருவரிடம் கேட்டுக் கிடைக்காததை இரவு ஷிப்ட் ஆளிடம் கேட்பார்கள். அதனால்தான் ரிஜிஸ்டரில் எழுதவேண்டும், அடுத்து உட்காருகிறவர் படிக்கவேண்டும்.

உங்களை ஏமாற்ற முடியாவிட்டால் அவளையே ஏமாற்றப் பார்ப்பார்கள். 1999இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவன், தான் பின்தொடர்ந்துகொண்டிருந்த இளம்பெண் எங்கே வேலை செய்கிறாள் என்பதைத் தகவல் விற்கும் நிறுவனம் ஒன்றிடம் காசு கொடுத்து வாங்கினான். நிறுவனத்துக்காக வேலை செய்த ஒருவர் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டு, தான் யார், எதற்குக் கூப்பிடுகிறோம் என்பதைப் பொய்யாகச் சொல்லி விவரத்தைக் கறந்திருந்தார். அவன் அவளை அலுவலக வாசலில் சுட்டுக் கொன்றான். தகவலை விற்கிறவருக்கு, யாரைப் பற்றிய தகவலோ அவர்மீதும் ஒரு கவனக் கடமை உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. நாம் விற்கவில்லைதான். ஆனாலும் கேட்கிறவர் ஒருவர், ஆபத்து இன்னொருவருக்கு என்ற கணக்கு இங்கேயும் அதேதான்.

போனை எடுப்பவரைத் தனியாக விடாதீர்கள்

2012 டிசம்பரில் லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு ஆஸ்திரேலிய வானொலித் தொகுப்பாளர்கள் இருவர் பிரிட்டிஷ் ராணி போலவும் இளவரசர் சார்லஸ் போலவும் பேசிக் கூப்பிட்டார்கள். அங்கே சிகிச்சையில் இருந்த அரச குடும்பத்து மருமகளைப் பற்றி விசாரித்தார்கள். விடியற்காலை, ரிசப்ஷனில் ஆள் இல்லை. ஒரு நர்ஸ் போனை எடுத்து வார்டுக்கு இணைத்தார். அங்கே இன்னொரு நர்ஸ் உடல்நிலையைச் சொன்னார். உலகமே சிரித்தது. இணைப்புக் கொடுத்தவர் சில நாளில் உயிரை விட்டார். இந்தியாவிலிருந்து போனவர் அவர்.

அதைப் படித்தபோது எங்கள் வாட்ச்மேன் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார். இரவு இரண்டு மணிக்கு அழுகிற குரலோடு அவரை மட்டும் உட்காரவைத்துவிட்டு, காலையில் "ஏன் குடுத்தே" என்று கேட்பது என்ன நியாயம்? விதியை எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். "எனக்கு அனுமதி இல்லைங்க, வார்டனுக்கு இப்பவே சொல்றேன்" என்று அவர் சொல்லித் தப்பிக்க வழி வேண்டும். எத்தனை மணியானாலும் உங்களை எழுப்பலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். பொய் அழைப்புக்கு எழுப்பினால் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு தடவை முகம் சுளித்தால் அடுத்த தடவை எழுப்பமாட்டார்.

பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தெரியப்படுத்துவது கடமை. பெற்றோரே பிரிந்து வழக்கில் இருந்தால், யாரிடம் என்ன சொல்லலாம் என்று நீதிமன்ற உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "தாத்தாவுக்கு சீரியஸ், பையனை அனுப்புங்க" என்று போனில் வந்தால் அந்தப் போனை மட்டும் நம்பி அனுப்பக்கூடாது. பதிவில் இருக்கும் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கொடுத்துவிட்டால்?

முதல் வேலை, அவளிடம் சொல்வது. அடுத்த நிமிடமே. வெட்கமாக இருக்கும், வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள். அவளுக்குக் கிடைக்கும் அந்த அரை மணி நேரம் பெரிது. போனை அணைத்து வைக்கலாம், அந்த இரவு வேறு இடத்தில் தங்கலாம். யாருக்கு, எத்தனை மணிக்கு, என்னென்ன சொன்னோம் என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். வந்த நம்பரை அழிக்காதீர்கள். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்தால் அது குற்றவியல் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 78ஆம் பிரிவில் குற்றம். பெண்கள் உதவி எண் 181. போனில் பணம் பறிக்கும் மோசடிக் கும்பல் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. எனக்கு அந்த முதல் தடவை இதில் எதுவும் தெரியாது. அவர் வாசலில் வந்து நிற்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

செய்தியை மறைக்கும் ஆசை

கடைசியாக, நல்லவர்களுக்கு வரும் சபலம் ஒன்று. கொஞ்ச காலம் பழகியபின் அவள் கதை நமக்குத் தெரிந்திருக்கும். வீட்டிலிருந்து போன் வந்தால், "பாவம், நிம்மதியா இருக்கா, இதை வேற எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று தோன்றும். அதையும் செய்யக்கூடாது. நம்பரை யாருக்குக் கொடுப்பது என்பது எப்படி அவள் உரிமையோ, அம்மா சீரியஸ் என்ற செய்தியைக் கேட்டு என்ன செய்வது என்பதும் அவள் உரிமைதான்.

அப்படி ஒருத்தியிடம் ஒருநாள் சொன்னேன். வீட்டை விட்டு வந்து மூன்று வருஷம். ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து மருத்துவமனைக்குப் பேசினாள். செய்தி நிஜம்தான். வைத்துவிட்டு, எழுதிக்கொடுத்த தாளை மடித்துப் பர்ஸில் வைத்தாள். "பஸ்ஸுக்கு டிக்கெட் பாக்கட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. மெஸ் மூடும் நேரம் ஆகிவிட்டது என்பதால் அவளுக்கு இரண்டு தோசை எடுத்துவைக்கச் சொன்னேன்.

கீழே மறுபடி போன் அடித்தது, அதே நம்பர். எடுத்து, செய்தி எழுதியிருக்கிறேன், என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "அவ கேட்டாளா? என்ன சொன்னா?" என்றார் அந்த மனிதர், அழுதுகொண்டே. அதற்குப் பதில் சொல்லும் உரிமை என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட யாராவது இருக்கிறார்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.